ஹேண்ட் பிரேக்கில் வைத்த கை

பிரேக் போகும்போது சத்தம் வரும் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், வராது. டமால் என்றும் கேட்காது, கிறீச் என்றும் கேட்காது. மிதித்தால் பாதியில் நின்று எதிர்த்து முட்டும் பெடல், அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு, மலைச்சாலையின் நாலாவது வளைவைத் தாண்டியதும், மறுபேச்சே பேசாமல் அவள் காலுக்கடியில் தரை வரைக்கும் இறங்கிப்போனது. கார் மட்டும் நிற்கவில்லை.

முதலில் அவள் தன் காலைத்தான் சந்தேகப்பட்டாள். எங்கேயோ தப்பாக மிதித்துவிட்டோம் என்று எடுத்து மறுபடி மிதித்தாள். சொத்தென்று உள்ளே போனது. பட் பட் பட்டென்று நாலு தடவை அடித்தாள். ஒன்றுமில்லை. அதற்குள் அடுத்த வளைவு எதிரே வந்துவிட்டது. "அய்யய்யோ" என்று ஒரு குரல் கேட்டது. வண்டியில் வேறு யாரும் இல்லாததால் அது தன் குரல்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் அவள் யார் என்று சொல்லாவிட்டால் கதையும் காரோடு சேர்ந்து ஓடிவிடும். கீழே ஊருக்குள் இருக்கும் பெரிய சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். துணி பிழியும் இயந்திரத்தில் ஆரம்பித்து, ஆவி இஸ்திரிப் பிரிவுக்கு வந்து, இப்போது மேற்பார்வை. மலை உச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் படுக்கை விரிப்புகளுக்காகவே சலவைக்கூடத்தில் ஒரு தனிப் பிரிவு திறக்கப்போகிறார்கள், அதற்கு அவள்தான் பொறுப்பு என்று முதலாளியம்மா சொல்லியாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. தினமும் சொந்தக் காரில் மேலே போய் அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கவேண்டும். திங்கட்கிழமை ஆரம்பம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளோட்டம். பின் சீட்டில் மூன்று மூட்டை, டிக்கியில் மூன்று மூட்டை.

காருக்கு வயது இருபத்தாறு. வீட்டில் அதற்குப் பெயர் 'பெரியவர்'. லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷம் கழித்து, இந்த மாதம்தான் வீட்டுக்காரர் பெரியவரின் சாவியை அவள் கையில் கொடுத்திருந்தார். சும்மா கொடுக்கவில்லை. "ஒரு கீறல் விழுந்தாலும் சாவி திரும்ப என் பாக்கெட்டுக்கு வந்துடும், சொல்லிட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தார். மலை இறங்குவது எப்படி என்றும் பாடம் எடுத்திருந்தார். "டாப் கியர்லயே விடு. பிரேக்ல காலை வச்சுக்கிட்டே மெதுவா வா. கியரைக் குறைச்சா இன்ஜின் தேஞ்சுபோகும். பிரேக் எதுக்கு இருக்கு?"

எதுக்கு இருக்கு என்றுதான் இப்போது அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வளைவை அவள் எப்படித் திருப்பினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெளிப்பக்கச் சக்கரம் கல் மண்ணில் ஏறி இறங்கியது. மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்து கதவை இடித்தன. பள்ளத்தாக்கு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நேர்ச்சாலை வந்ததும் அவளுக்கு ஒரே ஒரு எண்ணம் தெளிவாக வந்தது. கியர். இன்ஜின் தேய்ந்தால் தேயட்டும், நாம் தேயக்கூடாது. கிளச்சை மிதித்து நாலிலிருந்து மூன்றுக்குத் தள்ளினாள். பெரியவர் உறுமினார், வேகம் கொஞ்சம் குறைந்தது. "உறுமுங்க, நல்லா உறுமுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். அதில் கை வைத்த நிமிஷம் அவளுடைய பதினோரு வருஷ வேலை கைக்குள் வந்து உட்கார்ந்தது. சலவைக்கூடத்துப் பிழியும் இயந்திரத்தை நிறுத்தவும் இப்படித்தான் ஒரு கைப்பிடி உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதை ஒரேயடியாக இழுத்துவிடுவார்கள். ஈரத்துணியோடு சுற்றிக்கொண்டிருக்கும் உருளை திமிறிக் குதித்து, இயந்திரத்தையே தரையோடு பெயர்த்துவிடும். கொஞ்சம் இழுக்கவேண்டும், விடவேண்டும், மறுபடி கொஞ்சம் இழுக்கவேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே அவள் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். பின்சக்கரங்கள் முனகின. வால் பக்கம் ஆடவில்லை.

ஆறாவது வளைவுக்கு முன்னால் ஒரு பேருந்து ஆடி அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஹார்னில் உள்ளங்கையை வைத்து எடுக்கவேயில்லை. பேருந்தின் பின் ஜன்னலில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, என்ன அவசரம் என்று கையைக் காட்டினார். "பிரேக் இல்லய்யா!" என்று அவள் மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினாள். எதிரே வண்டி இல்லை என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்து, பேருந்தை உரசாத குறையாகத் தாண்டி, அதே வேகத்தில் வளைவையும் முடித்தாள்.  உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், பயத்துக்கு நடுவே ஒரு குஷியும் இருந்தது. நம்மால் முடிகிறதே!

இரண்டாவது கியர். இன்ஜின் ஊளையிட்டது. ஏழாவது வளைவின் உள்பக்கத்தில், சாலை வேலைக்காகக் கொட்டிவைத்த ஜல்லி ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. காலையில் மேலே போகும்போது "வழியை அடைச்சு எவன் இதைக் கொட்டினான்" என்று அவள் திட்டிக்கொண்டே போன ஜல்லி. இப்போது அதைப் பார்த்ததும் அம்மாவைப் பார்த்ததுபோல் இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள். பெரியவர் சரசரவென்று மூக்கை ஜல்லிக்குள் நுழைத்து, பெருமூச்சு விட்டு நின்றார். சின்னக் கற்கள் பானெட்டின் மேல் சிறிது நேரம் உருண்டு விழுந்துகொண்டிருந்தன.

அவள் இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"என்னங்க, பிரேக் போயிடுச்சு."

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றாள் அவள் வேண்டுமென்றே.

 "நீ நல்லா இருக்கேல்ல? அங்கேயே இரு. வண்டியைத் தொடாதே. வர்றேன்."

அவர் மனுஷர் நல்லவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஒவ்வொருவர் கண்ணுக்கு முன்னாலும் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா? இதுவா? முன்னாடி வச்சதா, இப்ப வச்சதா?" என்று கேட்பது தொழில். வீட்டிலும் அதே பேச்சுதான். பெரியவரை அவரைப்போல் பார்த்துக்கொள்கிறவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பானெட்டைத் திறந்துவிடுவார். இஸ்திரிப் பெட்டிகளுக்காகச் சலவைக்கூடத்தில் வாங்கும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு கேனை அவள் மாதாமாதம் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அது அவருக்கு அமிர்தம். பேட்டரியோ ரேடியேட்டரோ, பானெட்டுக்குள் எது ஒரு இம்மி குறைந்தாலும் அதிலிருந்து அளந்து ஊற்றி, மூடியைத் துடைத்து மூடுவார். அவர் கைக்குட்டை பெரியவரின் மேல் பட்ட அளவுக்கு அவர் முகத்தில் பட்டிருக்காது.

ஒரு மணி நேரம் கழித்து, மெக்கானிக்கின் பிக்கப் வண்டி மேலே ஏறி வந்தது. மெக்கானிக், வீட்டுக்காரர், நடுவில் நசுங்கியபடி நாத்தனார். நாத்தனாருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். அண்ணனின் கடையில்தான் வேலை, ஆனால் வேடிக்கை எங்கே நடந்தாலும் அங்கே ஆஜராகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அண்ணி! உயிரோட இருக்கீங்களா?" என்று இறங்கும்போதே கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்த கையோடு, "முகமெல்லாம் தூசி, பார்க்கச் சகிக்கல" என்று துடைத்தும் விட்டாள்.

வீட்டுக்காரர் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார், எங்கும் ரத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார், உடனே பெரியவரிடம் போய்விட்டார். பம்பர் நெளிந்திருந்தது. நம்பர் பிளேட் மடங்கியிருந்தது. கீறல் ஒன்றல்ல, எண்ணி மாளாது.

மெக்கானிக் உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தான். அவனிடம் ஒரு பழக்கம். இன்ஜினே கழன்று ரோட்டில் கிடந்தாலும் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் ஆரம்பிப்பான். இப்போதும் அதையே சொன்னான். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமில்ல சார். பெடல் கல்லு மாதிரி இருக்கு."

"இருக்காது" என்று அவள் எழுந்தாள். "தரை வரைக்கும் போச்சு. நான் பத்துத் தடவை மிதிச்சேன்."

"நீங்களே மிதிச்சுப் பாருங்கக்கா."

மிதித்தாள். பாதியில் நின்றது. கெட்டியாக, எப்போதும்போல, ஒரு பாவமும் அறியாததுபோல.  வளைவிலும் பேருந்திலும் வராத பயம் இப்போதுதான் வந்தது.

மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான். நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்த்தான். "எங்கயும் லீக் இல்ல." பானெட்டைத் திறந்து, மூலையிலிருந்த சின்ன டப்பாவின் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினான். "ஆயில் லெவலும் ஃபுல். சும்மா சொல்லக்கூடாது சார், வண்டியைக் கண்ணுல வச்சுப் பார்த்துக்கறீங்க."

"வாராவாரம் பார்க்கிறேன்ல" என்றார் வீட்டுக்காரர். அந்தச் சோகத்திலும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரல் கனிவாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். "சரி, நிதானமா யோசிச்சுச் சொல்லு. பெடல் உள்ள போச்சா? இல்ல, போன மாதிரி இருந்துச்சா?"

"போச்சு."

"செருப்பு கீழே மாட்டியிருக்குமோ?"

"இல்ல."

"கிளச்சை மிதிச்சிட்டு பிரேக்குன்னு நினைச்சியா? கிளச்சா, பிரேக்கா? யோசிச்சுச் சொல்லு."

"நான் என்ன உங்க கடைக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணவா வந்திருக்கேன்?" என்று அவள் வெடித்தாள். "பிரேக் போச்சுன்னா போச்சு!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதை இவள் பார்த்துவிட்டாள். "என்ன சிரிப்பு?"

"இல்ல அண்ணி... ஃபயர் சர்வீஸ்னு ஞாபகம் வந்துச்சு..."

வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன், மாடி வீட்டு ஜன்னலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று வருவதைப் பார்த்து அவள் தீயணைப்பு வண்டிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். வண்டியும் மணியடித்துக்கொண்டு வந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், மாடி வீட்டுக்காரர் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் ஆவியில் வேலை செய்கிறவளுக்கு ஆவிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று தெருவே சிரித்தது. அன்றையிலிருந்து குடும்பத்தில் அவளுக்குப் பெயர் ஃபயர் சர்வீஸ். அவள் எது சொன்னாலும், பால் பொங்குது என்று சொன்னால்கூட, ஒருவரும் உடனே எழுந்திருப்பதில்லை.

வீட்டுக்காரர் சாவியைப் பிடுங்கவில்லை. சாவித்துவாரத்திலிருந்து மெதுவாக எடுத்து, தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"பயந்துட்டே. அதுல தப்பில்ல. மலை இறங்கறது எல்லாராலயும் ஆகாது. கீழே போனதும் நானே முதலாளியம்மாகிட்ட பேசறேன். திங்கக்கிழமைக்கு வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்லிடலாம்."

 பதினோரு வருஷம். ஈரத்துணி தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போன பதினோரு வருஷம் ஒரு சட்டைப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. கீழே ஊர் எல்லை வந்ததும் அவர் ஃபோனை எடுத்துவிடுவார். அதற்கு இன்னும் ஐந்தே வளைவு.

"மேலே போங்க" என்றாள்.

"என்ன?"

"ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வண்டியை ஏத்துங்க. அங்கேருந்து நான் இறங்கின மாதிரியே, அதே மூட்டையோட, அதே டாப் கியர்ல, பிரேக்ல கால் வச்சுக்கிட்டே இறங்கணும். மெக்கானிக் தம்பி தனியா ஓட்டட்டும், மெதுவா, எப்ப வேணா நிறுத்தற மாதிரி. அப்பவும் ஒண்ணும் ஆகலைன்னா சாவியை நீங்களே வச்சுக்குங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அவன் எதுக்கு? நானே ஓட்டறேன்."

"வேண்டாங்க. விளையாட்டில்ல."

"என் வண்டி. எனக்குத் தெரியாததா?" அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். தடுத்தால் இவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். நாளைக்கே தனியாக இந்த மலையில் இறங்கிக் காட்டினாலும் காட்டுவார். "அப்ப நானும் வர்றேன்" என்றாள்.

"நானும்" என்றாள் நாத்தனார். அதை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதையும் அவள் கேட்கவில்லை.

ஜல்லியிலிருந்து பெரியவரைப் பின்னால் இழுத்து எடுத்தார்கள். குவியலில் காரின் மூக்கு அளவுக்கு ஒரு குழி அப்படியே இருந்தது. மேலே ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆஸ்பத்திரி கேட்டில் திருப்பினார்கள். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில், அவள் பக்கத்தில், பின்னால் மூட்டைகளுக்கு நடுவே தலை மட்டும் தெரிய நாத்தனார். பிக்கப் பின்னால் வந்தது. இறங்க ஆரம்பித்ததுமே அவள் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்தாள்.

"கைய எடு" என்றார் அவர்.

"எடுக்க மாட்டேன்."

"கார் ஓட்டறவனுக்கு அது எவ்வளவு அவமானம் தெரியுமா?"

"படுங்க."

முதல் வளைவு. பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவு, பிடித்தது. அவர் ஒவ்வொரு தடவையும் "இப்ப இருக்கா? இருக்கு. இப்ப? இருக்கு" என்று கடைப் பேச்சிலேயே வந்தார். மூன்றாவது வளைவில் அவளுக்கு ஒரு வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் மறந்து வைத்தால் வருமே, அதற்குக் கொஞ்சம் முந்தைய வாசனை.

"ஏதோ சூடாகுதுங்க. மூணாவது கியருக்கு வாங்க."

"நீதானே சொன்னே, நீ இறங்கின மாதிரியே இறங்கணும்னு."

நாலாவது வளைவும் தாண்டியது. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்கே உன் நாலாவது வளைவு? பின்னாடி போயிடுச்சு பார். ஃபயர் சர்வீஸ், ஃபயர் சர்வீஸ்! ஒரு பெடல் போனதுக்கு—"

பேச்சு பாதியில் நின்றது. அவர் கால் நிற்கவில்லை, தரை வரைக்கும் போனது.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போச்சா?"

"இருக்கு... இரு... இல்ல. இல்ல! என்ன இது? என்ன இது!" இரண்டு காலையும் வைத்து அந்தச் செத்த பெடலை மிதித்தார். கண் சாலையில் இல்லை, பெடலில் இருந்தது. ஐந்தாவது வளைவு ஓடிவந்துகொண்டிருந்தது.

"ரோட்டைப் பாருங்க!" அவள் போட்ட சத்தத்தில் நாத்தனாரும் நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். "பெடலை விடுங்க! அது கிடக்கட்டும்! ஸ்டியரிங் உங்க வேலை, மத்ததெல்லாம் என் வேலை. கிளச் மிதிங்க! இப்ப!"

அவர் மிதித்தார். அவள் ஒரே தள்ளில் மூன்றாவது கியரைப் போட்டாள். "விடுங்க!" இன்ஜின் உறுமியது. "திருப்புங்க, திருப்புங்க, இன்னும்!" வெளிப்பக்கச் சக்கரம் மறுபடியும் கல் மண்ணில் ஏறியது. ஒரு மூட்டை அவிழ்ந்து, படுக்கை விரிப்புகள் நாத்தனாரின் மேல் சரிந்தன. உள்ளேயிருந்து, "அண்ணி! எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணி!" என்று குரல் வந்தது.

"தெரியாம இருக்கறதே நல்லது! அப்படியே கிட!"

இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். கட்டைவிரல் பொத்தானை விடவேயில்லை. ஆறாவது வளைவில் ஒரு லாரி மூச்சிரைத்தபடி மேலே வந்துகொண்டிருந்தது. அவர் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால் அவளே எட்டி ஹார்னை அடித்தாள். லாரிக்காரர் ஒதுங்கினார், ஜன்னல் வழியாக என்னவோ திட்டினார், அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

"என்னால முடியல" என்றார் வீட்டுக்காரர். குரல் குழந்தைக் குரலாகிவிட்டது.

"முடியுது. முடிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. கிளச்!"

மிதித்தார்.

"விடுங்க!" இரண்டாவது கியர். பெரியவர் ஊளையிட்டார். மூன்று பேரும் முன்னால் குலுங்கினார்கள். "அதோ ஜல்லி. என் குழி தெரியுதா? அதே குழி. மூக்கை அதுக்குள்ள விடுங்க. வேற எங்கயும் பார்க்காதீங்க."

அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை. பெரியவர் சரசரவென்று பழைய குழிக்குள்ளேயே போய்ப் பொருந்தி நின்றார். பானெட்டின் மேல் கற்கள் உருண்டன. இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது.

 பிறகு விரிப்புக் குவியலுக்குள்ளிருந்து நாத்தனார் கேட்டாள். "நின்னுடுச்சா? நிஜமாவா? சத்தியமா?"

பின்னாலேயே வந்த பிக்கப்பிலிருந்து மெக்கானிக் குதித்து ஓடிவந்தான். அவன் வாயில் "ஒண்ணுமில்ல" வரவில்லை. வீட்டுக்காரர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, மூலையிலிருந்த சின்ன டப்பாவின் மூடியைத் திருகி, இந்தத் தடவை விரலை உள்ளேயே விட்டான். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான்.

"சார், பிரேக் ஆயில் டப்பாவுல என்ன ஊத்தினீங்க?"

"எதுல?"

"இதுல."

"அது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதனால கொஞ்சம் கொஞ்சமா..."

"கொஞ்சம் கொஞ்சமா என்ன?"

"டிஸ்டில்ட் வாட்டர்" என்றார் வீட்டுக்காரர். அப்புறம் அவசரமாக, "சுத்தமானது! காய்ச்சி வடிச்சது! ரெண்டு வருஷமா அதான் ஊத்தறேன், ஊருக்குள்ள ஒரு தொந்தரவும் வந்ததில்லையே" என்றார்.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு ஜல்லியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

திறந்திருந்த ஜன்னல் வழியாக அவளுக்கு எல்லாம் கேட்டது. தண்ணீர் என்ற ஒரு சொல்லிலேயே மிச்சம் முழுவதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அது அவள் தொழில். "தம்பி" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "மலை இறங்க இறங்க மிதிச்சுக்கிட்டே வந்தா சக்கரத்துகிட்ட சூடேறும், இல்லையா? உள்ள இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். தண்ணியை அமுக்கினா அமுங்காது, ஆவியை அமுக்கினா அமுங்கிப் போயிடும். ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சா ஆறித் திரும்பத் தண்ணி ஆயிடும். நீங்க வந்து மிதிக்கும்போது கல்லு மாதிரி இருக்கும். அதானே?"

மெக்கானிக் அண்ணாந்து பார்த்தான். "அதேதான்கா. நான் லெவலை மட்டும் பார்த்தேன், உள்ள என்ன இருக்குன்னு பார்க்கல. தப்பு என் மேலயும் இருக்கு."

"அந்த கேனை மாசாமாசம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தது நான்தான்" என்றாள் அவள். "எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குவோம்."

நாத்தனார் ஒரு வழியாக வெளியே வந்தாள். தலையில் ஒரு தலையணை உறை மாட்டியிருந்தது. "அப்ப அண்ணி சொன்னது ஆவிதானா?" என்றாள். "அன்னைக்கும் ஆவி, இன்னைக்கும் ஆவி. ஆனா இன்னைக்கு நிஜமாவே ஃபயர் சர்வீஸ்தான் வந்து காப்பாத்துச்சு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கையில் கிடைத்த படுக்கை விரிப்பால் மூக்கைச் சிந்தினாள். அது ஆஸ்பத்திரியின் அழுக்கு விரிப்பு என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

வீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். கைக்குட்டையை எடுத்தார். பழக்கதோஷத்தில் கதவின் கீறலைத் துடைக்கப் போய், நிறுத்தி, அவள் நெற்றித் தூசியைத் துடைத்தார்.

"நீ தனியா... இப்படியா இறங்கினே? பக்கத்துல யாரும் இல்லாம?"

"ஆமா."

"நான் நம்பல." அவர் கண் கலங்கிவிட்டது. "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் என் கையாலேயே ஊத்தினது..." 

"எது தெளிவா இருக்கு?" என்று அவள் கேட்டாள். "முன்னாடி பார்த்ததா, இப்ப பார்க்கறதா?"

"இப்பதான்" என்றார் அவர். "இப்பதான்மா தெளிவா தெரியுது."

"அப்ப சரி."

"இறங்கு. கைய எடு." இந்தத் தடவை அதைக் கெஞ்சலாகச் சொன்னார்.

அவள் எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்த விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. வண்டி நின்றது அவளுக்குத் தெரியும், கைக்கு இன்னும் தெரியவில்லை. "வரமாட்டேங்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். 

அவர் கதவைத் திறந்து, சாலையில் மண்டியிட்டு, உள்ளே எட்டி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பழகிய கை, அவசரப்படாமல் பிரித்தது. கட்டைவிரல்தான் கடைசியாக வந்தது. அதன் நுனியில் பொத்தானின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இக்னிஷனிலிருந்து சாவியை உருவி, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் திரும்ப மூடிவிட்டார்.

மூட்டைகளோடு எல்லோரும் பிக்கப்பில் ஏறிக் கீழே வந்தார்கள். ஊர் எல்லை வந்தது. வீட்டுக்காரர் ஃபோனை எடுத்து, தானே நம்பரைப் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"முதலாளியம்மா, நான்தான் பேசறேன்" என்றாள் அவள். "திங்கக்கிழமை வந்துடறேன். ஆமா, கார்லதான். பழைய பிரேக் ஆயிலை முழுக்க எடுத்துட்டுப் புதுசு ஊத்தச் சொல்லியிருக்கேன். இறங்கும்போது ரெண்டாவது கியர்லதான் இறங்குவேன், அதனால கொஞ்சம் லேட்டாகும்." சாவி இருந்த கையை அவள் இன்னும் திறக்கவில்லை. "அப்புறம் இன்னொண்ணு. எங்க வீட்டுக்கு இனிமே டிஸ்டில்ட் வாட்டர் கேன் வேண்டாம்."